'பாலியேட்டிவ் கேர்'னு எழுதிட்டாங்க... கைவிட்டுட்டாங்களா டாக்டர்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு எட்டரை மணி இருக்கும். கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரத்தில் ஒரு அம்மா உள்ளே வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆஸ்பத்திரிக் காகிதங்கள். பின்னாலேயே மகன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முகத்தில் கோபம்.

அந்த அம்மாவின் கணவருக்கு நுரையீரல் புற்றுநோய். கண்டுபிடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எலும்புக்குப் பரவிவிட்டது. இரண்டு முறை கீமோதெரபி முடிந்திருக்கிறது. மூன்றாவதுக்குப் போனபோது புற்றுநோய் டாக்டர் சீட்டின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். நல்ல மனிதர், தமிழிலேயே எழுதியிருந்தார்: 'பாலியேட்டிவ் கேர் பிரிவையும் பார்க்கவும்.'

"கைவிட்டுட்டாவளா டாக்டரய்யா?"

அம்மா கேட்டது இவ்வளவுதான். மீதியை மகன் சொன்னான். "நெட்டுல பாத்தேன் சார். சாகப் போறவங்களுக்குக் குடுக்கிறதாம் அது. அப்புறம் எதுக்கு அந்தக் கீமோ? நிறுத்திட்டு உங்க மருந்துக்கே வந்துடலாம்னு..."

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வெளியே வந்து முப்பது வருஷம் ஆகிறது. இந்தக் கேள்வியோடு என் வாசல் ஏறிய குடும்பங்களுக்குக் கணக்கில்லை. என் சொந்த வீட்டிலேயே இந்த விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சீட்டை இன்னொரு முறை பாருங்கள். 'பிரிவைப் பார்க்கவும்' என்றா எழுதியிருக்கிறது? 'பிரிவையும்' என்றல்லவா! அந்த 'உம்'மில்தான் விஷயமே இருக்கிறது. கீமோவும் உண்டு, இதுவும் உண்டு என்று அர்த்தம். அந்த 'உம்' ஏதோ ஒரு டாக்டரின் இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல. புற்றுநோய் மருந்துகள் எழுதுகிற அதே கடுமையான பரீட்சையை எழுதித் தேறி வந்தது.

அது என்ன பரீட்சை?

இட்லி அரிசியை மாற்றிப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அரிசியில் மார்கழிக் குளிரில் அரைத்தீர்கள். புது அரிசியில் சித்திரை வெயிலில் அரைத்தீர்கள். புது மாவு நன்றாகப் பொங்கிவிட்டது. உடனே 'புது அரிசிதான் உசத்தி' என்று சொன்னால், பக்கத்து வீட்டுப் பாட்டியே சிரிப்பார். வெயிலை மறந்துவிட்டீர்களே! ஒரே நாள், ஒரே உளுந்து, ஒரே கிரைண்டர், அரிசி மட்டும் வேறு. அப்படிப் பார்த்தால்தானே அரிசியின் குணம் தெரியும்?

மருந்து ஆராய்ச்சியும் இதேதான். ஒரே மாதிரி நோய் உள்ளவர்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பார்கள். யார் எந்தக் கட்சி என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது. அவர் கையில் விட்டால், தெம்பாக இருக்கிறவர்களாகப் பார்த்துப் புது மருந்துக்கு அனுப்பிவிடுவார். மனித மனசு அப்படித்தான். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரிப்பார்கள். ஒரு கட்சிக்குப் புதிய முறை, இன்னொரு கட்சிக்கு வழக்கமான முறை. முடிந்தால் யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள்.

'எங்கள் மருந்துகள் ஆயிரம் வருஷம் பார்த்தவை, இதெல்லாம் எதற்கு?' என்று என் சக வைத்தியர்கள் சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நான் வெள்ளைப் பாடாணத்தின் கதையைச் சொல்வேன். சீனாவின் ஹார்பின் நகரில் 1970-களில் ஜாங் டிங்டாங் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு நாட்டு மருந்தை ஆராய்ந்தார்கள். அதில் மூன்று சரக்குகள்: வெள்ளைப் பாடாணம், ஒரு ரசக் கூட்டு, தேரை விஷம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் வேலை செய்தது பாடாணம்தான் என்று தெரிந்தது. மற்ற இரண்டும் தொந்தரவு. ரத்தப் புற்றுநோயிலேயே ஒரு குறிப்பிட்ட வகைக்கு அது அற்புதமாகக் கேட்டது. 2000-ல் அமெரிக்க அரசே அனுமதி கொடுத்தது. 2013-ல் வெளியான இத்தாலி-ஜெர்மனி ஆராய்ச்சியில், அந்த வகை நோயாளிகளில் பாடாண சிகிச்சை பெற்றவர்களில் 97 சதவீதம் பேர் இரண்டு வருஷம் கழித்து நோய் திரும்பாமல், தொல்லையில்லாமல் இருந்தார்கள். கீமோ பெற்ற கட்சியில் இது 86 சதவீதம். (உடனே யாரும் பாடாணத்தைத் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். அளவு பிசகினால் ஆள் காலி. ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக, இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்கிற மருந்து அது.)

பரீட்சையில் தோற்றதும் உண்டு. வாதுமை இனத்துப் பழமான ஆப்ரிகாட்டின் கொட்டையிலிருந்து எடுக்கும் 'லேட்ரில்' புற்றைக் கரைக்கும் என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊரே நம்பியது. 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் குணமாகவில்லை. சிலருடைய ரத்தத்தில் சயனைடு விஷம் ஏறியதுதான் மிச்சம்.

சரி, மருந்துக்குப் பரீட்சை வைக்கலாம். ஆறுதலுக்கும், வலி நீக்குவதற்கும், அருகில் உட்கார்ந்து பேசுவதற்கும் பரீட்சை வைக்க முடியுமா? முடியும். வைத்தார்கள்.

பாஸ்டனில் நடந்த குலுக்கல்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. நம் அம்மாவின் கணவருக்கு வந்த அதே மாதிரி, பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் என்று அப்போதுதான் தெரிந்த 151 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு வழக்கமான புற்றுநோய் சிகிச்சை. இன்னொரு கட்சிக்கு அதே சிகிச்சை, கூடவே ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேர் டாக்டர், நர்ஸுடன் மாதம் ஒரு முறையாவது சந்திப்பு. சந்திப்பில் என்ன செய்தார்கள்? பெரிய மாயமெல்லாம் இல்லை. வலி இருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, நோயைப் பற்றி என்ன புரிந்துகொண்டிருக்கிறீர்கள், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள்... இப்படி.

2010-ல் முடிவு வந்தது. கூடுதல் கவனிப்புப் பெற்றவர்கள் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக, தெம்பாக இருந்தார்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் வழக்கமான கட்சியில் 38 சதவீதம் பேருக்கு இருந்தன. இந்தக் கட்சியில் 16 சதவீதம்தான். கடைசி நாட்களில் பலன் தராத கடும் சிகிச்சைகளில் சிக்கியவர்கள் அங்கே 54 சதவீதம், இங்கே 33.

அடுத்ததுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. கடும் சிகிச்சை குறைவாகப் பெற்ற இவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்தார்கள்! நடுமட்டக் கணக்கில் அங்கே 8.9 மாதம், இங்கே 11.6 மாதம். கிட்டத்தட்ட மூன்று மாதம். சில புற்றுநோய் மருந்துகளே இவ்வளவு நாளைத் தருவதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆயுள் கூடியது என்பது பின்னால் நடந்த எல்லா ஆராய்ச்சிகளிலும் திரும்ப வரவில்லை. நோயாளியின் சௌகரியம் கூடியது பலவற்றில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆகவே 'பாலியேட்டிவ் கேர் ஆயுளை நீட்டும்' என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். 'ஆயுளைக் குறைக்கும், சீக்கிரம் அனுப்பி வைக்கும்' என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன். பரவிய புற்றுநோய் என்று தெரிந்த எட்டு வாரத்துக்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் பிற்பாடு தன் மருத்துவர்களுக்குச் சொன்ன வழிமுறை. அந்த அம்மாவின் டாக்டர் சரியான நேரத்தில்தான் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டிலும் இந்தத் திசையில் நல்ல வேலை நடந்திருக்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றி, இனி முழுக் குணம் சாத்தியமில்லை என்ற நிலையில் இருந்த 422 பேரை மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு நரம்பில் ஏற்றும் 'சிஸ்பிளாட்டின்'. மீதிப் பேருக்கு வீட்டிலேயே விழுங்கும் இரண்டு மலிவான பழைய மாத்திரைகள், குறைந்த அளவில். 2020-ல் முடிவு வெளியானது. ஊசிக் கட்சிக்கு 6.1 மாதம், மாத்திரைக் கட்சிக்கு 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவும் மாத்திரையில்தான் குறைவு. வெளியூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பஸ் செலவு, ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துப் படுப்பது, கூட வருகிறவரின் கூலி நஷ்டம் எல்லாம் மிச்சம்.

மார்ஃபினா? ஐயோ!

'பாலியேட்டிவ்' என்ற சொல்லே மேலங்கியைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது. குளிரை நிறுத்த முடியாது, போர்த்திவிடலாம் அல்லவா? இந்தப் போர்வையை நவீன மருத்துவத்தில் நெய்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர், அதன் பிறகுதான் டாக்டர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கடும் புற்றுவலிக்கு ஹெராயின்தான் உசத்தி, மார்ஃபின் அடுத்த படி என்று ஒரு நம்பிக்கை. அவருடைய இல்லத்திலேயே ராபர்ட் ட்வைகிராஸ் என்ற டாக்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வாய்வழியாகக் கொடுக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் இல்லை என்று 1977-ல் வெளியிட்டார். இதிலென்ன பெரிசு என்கிறீர்களா? ஹெராயின் பெரும்பாலான நாடுகளில் மருந்தாகக்கூட அனுமதி இல்லாதது. மார்ஃபினே போதும் என்று தெரிந்த பிறகுதான் உலகம் முழுக்கக் கொடுக்கலாம் என்ற வழி பிறந்தது. 1986-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வலி நீக்கும் படிமுறையில் வாய்வழி மார்ஃபினுக்குத்தான் நடுநாயகமான இடம்.

கொடுமை என்னவென்றால், நம் நாடு மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் அரசாங்க அனுமதியோடு கசகசாச் செடி வளர்த்து அபின் எடுக்கிற நாடு. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் ஆஸ்பத்திரிகள் பலவும் மார்ஃபின் வைத்துக்கொள்ளவே பயந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் இளக்கினார்கள். இன்னும் வீட்டில் இருக்கிறவர்களின் பயம் இளகவில்லை! 'மார்ஃபின் கொடுத்தா அவ்வளவுதான்', 'அடிமையாகிடுவார்', 'கடைசிக்கு வச்சுக்குவோம்'... நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

240 பேரை வைத்து இத்தாலியில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2016-ல் வெளியானது. நடுத்தர வலி உள்ளவர்கள். ஒரு கட்சிக்கு வழக்கம்போல டிரமடால் மாதிரியான இடைநிலை மாத்திரைகள். இன்னொரு கட்சிக்கு நேரடியாகக் குறைந்த அளவு மார்ஃபின். ஒரு மாதத்துக்குள் வலி கணிசமாகக் குறைந்தது யாருக்கு? இடைநிலைக் கட்சியில் சுமார் 58 சதவீதம் பேருக்கு, மார்ஃபின் கட்சியில் 88 சதவீதம் பேருக்கு. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், வலிக்காகச் சாப்பிடுகிற புற்றுநோயாளி அடிமையாவது அரிது. அளவை நீங்களாகக் கூட்டுவதும் கூடாது, பயந்து குறைப்பதும் கூடாது.

ஒரு தொல்லை நிச்சயம் உண்டு. மலச்சிக்கல். மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு உலகம் முழுக்கத் தணிப்பு சிகிச்சைக்காரர்கள் கை நீட்டுவது எதற்குத் தெரியுமா? நம் ஊர் நிலாவரைக்கு! வியாபார உலகத்தில் அதன் பெயரே 'டின்னவெல்லி சென்னா'. திருநெல்வேலிக்காரனான எனக்கு இதைச் சொல்வதில் ஒரு தனிச் சந்தோஷம்.

அதோடு நிற்கவில்லை. கேரளத்துத் தணிப்பு சிகிச்சை மருத்துவர்கள் 1998-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மார்ஃபின் சாப்பிடும் புற்றுநோயாளிகளில் ஒரு கட்சிக்கு நிலாவரை மாத்திரை. இன்னொரு கட்சிக்கு 'மிஸ்ரக ஸ்நேகம்' என்ற ஆயுர்வேத மருந்து. விளக்கெண்ணெயும் நெய்யும் மூலிகைகளோடு சேர்ந்தது. முடிவு? இரண்டும் சமம். மிஸ்ரக ஸ்நேகம் கொஞ்சமாகக் குடித்தால் போதும், தினம் ஒரு வேளைதான், விலையும் குறைவு. என்னைப் போன்ற பாரம்பரிய வைத்தியனுக்கு இங்கே வேலை இருக்கிறது என்று எனக்குக் காட்டிய ஆராய்ச்சி அது. புற்றைக் கரைக்கிறேன் என்று போர்டு வைக்காமல், கூட நின்று ஒரு கஷ்டத்தையாவது குறைக்கிற வேலை.

என் அக்காவுக்கு நான் ஏற்றிய பாட்டில்கள்

இப்போது என் தப்பு. என் பெரியக்காவுக்குக் கர்ப்பப்பை அருகே சினைப்பையில் புற்றுநோய். 2007. கடைசி இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர், அரை ஸ்பூன் கஞ்சி, அவ்வளவுதான். வார்டில் இருந்த சின்ன வயசு டாக்டர் என்னிடம், 'சார், ட்ரிப்ஸ் வேண்டாமே' என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றீங்களா?" என்று வராண்டாவில் நின்று சத்தம் போட்டேன். நானும் டாக்டர் என்ற தோரணை வேறு. தினமும் இரண்டு பாட்டில் ஏறியது. நான்காம் நாள் கால் இரண்டும் வீங்கின. பிறகு கை. மூச்சில் களகளவென்று சத்தம். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மாற்றி மாற்றிக் குத்தியபோது அக்கா என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை, "போதும்டா தம்பி."

நான் நிறுத்தவில்லை.

ஆறு வருஷம் கழித்து, 2013-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. முற்றிய புற்றுநோயோடு வீட்டுப் பராமரிப்பில் இருந்த, உடம்பில் நீர் வற்றிய 129 பேர். பாதிப் பேருக்குத் தினமும் ஒரு லிட்டர் உப்புநீர். மீதிப் பேருக்குப் பெயருக்கு 100 மில்லி. யாருக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. களைப்பு, மயக்கக் குழப்பம், உடம்பு அசதி எதிலும் இரண்டு கட்சிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வாழ்ந்த நாளிலும் இல்லை. அதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

உடம்பு மெல்ல அடங்கும்போது பசியும் தாகமும் தானாகவே குறைகின்றன. இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த நேரத்தில் ஊற்றுகிற நீர் போக இடமில்லாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. ட்ரிப்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. கீமோவுக்குப் பிறகு வாந்தி பேதியால் நீர் வற்றினால் அவசியம் ஏற்றத்தான் வேண்டும். கடைசி நாட்களில் மட்டும் டாக்டரிடம் 'இது அவருக்கா, எங்க மனசுக்கா?' என்று கேளுங்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். நாக்கில் துளி இளநீரோ, சின்ன ஐஸ் துண்டோ வைக்கலாம், விழுங்க முடிந்தால் மட்டும். உதட்டில் கொஞ்சம் நெய் தடவுங்கள்.

ஆக்ஸிஜனும் கைவிசிறியும்

நுரையீரல் நோயில் வலியைவிட மூச்சுத்திணறல் பயங்கரம். உடனே வீட்டில் சிலிண்டர் வாடகைக்கு வந்துவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிஜமாகவே குறைந்திருந்தால் சிலிண்டர் அவசியம். அளவு அவ்வளவு குறையாமல், ஆனாலும் திணறுகிறவர்களுக்கு? ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்தில் இப்படிப்பட்ட 239 பேருக்கு மூக்குக் குழாய் வழியாக ஒரு கட்சிக்கு ஆக்ஸிஜனும் மறு கட்சிக்குச் சாதாரணக் காற்றும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளிவந்த முடிவு: இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் சுகம், ஆக்ஸிஜனுக்கென்று தனி லாபம் இல்லை.

அதே வருஷம் இங்கிலாந்தில் இன்னொன்று. பல காரணங்களால் மூச்சுத்திணறல் இருந்த 50 பேரிடம் கையடக்க மின்விசிறியைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் முகத்துக்கு நேராக, ஐந்து நிமிடம் காலுக்கு நேராக. முகத்தில் காற்றுப் பட்டபோது திணறல் குறைந்தது! கேட்டால் சிரிப்பீர்கள். நம் பாட்டிமார்கள் பனையோலை விசிறியோடு தலைமாட்டில் உட்கார்ந்ததும் இதைத்தானே செய்தார்கள்? ஜன்னலைத் திறந்து, நோயாளியைச் சாய்ந்து உட்கார வைத்து, டேபிள் ஃபேனை முகத்துப் பக்கம் திருப்புங்கள். சுற்றி நிற்கிற கூட்டத்தை வெளியே அனுப்புங்கள்.

"ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறார்"

வீட்டுப் பெண்கள் என்னிடம் அழுவது பெரும்பாலும் இதற்குத்தான். இதற்குப் புதுச்சேரி ஜிப்மரிலிருந்து ஒரு நல்ல பதில் 2023-ல் வந்தது. வயிறு, கல்லீரல், கணையம், பித்தப்பை, நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ பெறும் 124 பேர். பாதிப் பேருக்கு 'ஓலான்ஸபின்' என்ற மனநல மருந்து, மிகக் குறைந்த அளவான 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். மீதிப் பேருக்கு அதே மாதிரி தோன்றும் வெறும் மாத்திரை. மருந்துக் கட்சியில் 60 சதவீதம் பேருக்கு எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறியது. வெறும் மாத்திரைக் கட்சியில் 9 சதவீதம்தான். விலை மலிந்த பழைய மாத்திரை! நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தூக்கக் கலக்கம் தரும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. அதுவரை அளவைப் பார்க்காதீர்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் இரண்டு வாய். 'இன்னும் ஒரு இட்லி' என்று மல்லுக்கு நிற்க வேண்டாம்.

நம்மை ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால்?

'எலி மாதிரி பரிசோதிப்பாங்களோ?' என்ற பயம் நியாயமானதுதான். 2019-ல் வந்த மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி விதிகளில் பாதுகாப்பு இருக்கிறது. புரிகிற மொழியில் எழுத்து மூலம் விளக்கி, கையெழுத்து வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆராய்ச்சியால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். 'சேராவிட்டால் எங்களுக்கு என்ன சிகிச்சை?' என்ற கேள்வியை மட்டும் மறக்காதீர்கள்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான். கீமோவை நிறுத்த வேண்டாம். பாலியேட்டிவ் கேர் பிரிவுக்கு நாளைக்கே போங்கள். கீமோ நடக்கும்போது என்னிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ பற்பம், செந்தூரம் என்று ரகசியமாக எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் இரண்டு பக்கச் சுமையைத் தாங்காது. அங்கே போனதும் மூன்று கேளுங்கள்: ராத்திரி வலி வந்தால் என்ன கொடுப்பது, யாருக்குப் போன் செய்வது, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தணிப்பு சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பார்க்கலாம் என்றேன். மகன் பாதி நம்பிக்கையோடு போனான்.

மூன்று வாரம் கழித்து அவன் மட்டும் வந்தான். அப்பாவுக்கு மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ராத்திரி நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறாராம். மூன்றாவது கீமோவும் முடிந்துவிட்டது. "நர்ஸம்மா அப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசினாங்க சார். என்கிட்டகூடச் சொல்லாததை எல்லாம் அவங்ககிட்டச் சொன்னார். தங்கச்சி கல்யாணத்தைப் பத்தி."

கிளம்பும்போது திரும்பி நின்று கேட்டான். "சார், அந்த நிலாவரைப் பொடி கிடைக்குமா?"

ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மலமிளக்கி ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். "ஒண்ணு போதும்பா. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா பேதியாகும். மூணு நாள் போகலைன்னா அவங்களுக்கே போன் பண்ணு" என்று சொல்லி அனுப்பினேன்.